செல்லும் காசு

கையில் புரளும் காசுக்கும் நெஞ்சில் இருக்க வேண்டிய நேர்மைக்கும் தமிழில் ஒரே சொல் இருக்கிறது: நாணயம். 'அவர் நாணயமானவர்' என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால், அவர் பை நிறையச் சில்லறை வைத்திருக்கிறார் என்று யாரும் பொருள் கொள்வதில்லை. அவர் சொல்லை நம்பலாம், அவரிடம் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் கொள்கிறோம். இதை நான் வெகு காலம் ஒரு சொல் வேடிக்கையாகவே நினைத்திருந்தேன். திருநீர்மலையில் ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

சில வருஷங்களுக்கு முன்பு நடந்தது. ஆவணி மாதத்து முகூர்த்த நாள். பல்லாவரத்தில் ரயிலை விட்டு இறங்கி, ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு மலையடிவாரம் போய்ச் சேர்ந்தேன். முகூர்த்த நாளில் திருநீர்மலை எப்படி இருக்கும் என்று அந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாலையும் கழுத்துமாக எத்தனையோ ஜோடிகள். எந்தக் கல்யாணத்துக்கு வந்தோம் என்பதை மறந்துவிட்டவர்கூட ஏதாவது ஒரு பந்தியில் தாராளமாக உட்கார்ந்துவிடலாம்.

குளத்தங்கரைப் பக்கம் ஒரு கிழவி பூக்கூடையோடு உட்கார்ந்திருந்தாள். பெருமாளுக்குத் துளசி மாலை ஒன்று வாங்கினேன். முப்பது ரூபாய். இருபது ரூபாய் நோட்டு ஒன்றும் பத்து ரூபாய் நாணயம் ஒன்றும் கொடுத்தேன். நோட்டை வாங்கிச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டாள். நாணயத்தை இரண்டு விரலால் என் பக்கமே தள்ளினாள்.

"இது வேணாம் சாமி. நோட்டு இருந்தா குடு."

"ஏம்மா, இது நல்ல காசுதானே?"

"நல்ல காசுதான், யாரு இல்லேன்னா? நான் வாங்கிக்குவேன். மத்தவங்க வாங்க மாட்டேங்கறாங்களே! நாரு விக்கிறவன் வாங்க மாட்டேங்கறான், டீக்கடையில வாங்க மாட்டேங்கறாங்க. நான் வச்சுக்கினு இன்னா பண்றது?"

வேறு நோட்டைக் கொடுத்தேன். காசு மறுபடியும் என் சட்டைப் பைக்கு வந்தது.

கல்யாணம் என் பழைய நண்பர் ஒருவருடைய பெண்ணுக்கு. பெண்ணின் தாயார் வந்திருந்தாள். சித்தப்பாவும் சித்தியும் மணையில் உட்கார்ந்து தாரை வார்த்துக் கொடுத்தார்கள். தகப்பனார் மட்டும் இல்லை. அவருக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை; குரோம்பேட்டையில், அரை மணி நேரப் பிரயாண தூரத்தில், தம் வீட்டில்தான் இருந்தார். பையன் வேறு ஜாதி. பெண்ணோடு ஒரே ஆபீஸில் வேலை பார்ப்பவன். அதற்கு முந்திய வாரம் நண்பரே என்னிடம் சொன்னார்: "பையனைக் குறை சொல்லவே முடியாது. தங்கமான பையன். எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. ஆனால் நாலு பேர் ஒப்புக்கொள்ள மாட்டார்களே, என்ன செய்வது?"

தாலி கட்டும் நேரத்தில், மேளச் சத்தத்துக்கு நடுவே, எனக்குப் பூக்காரியின் குரல் காதில் விழுந்தது. 'நல்ல காசுதான். நான் வாங்கிக்குவேன். மத்தவங்க வாங்க மாட்டேங்கறாங்களே!' ஒரே வாக்கியம். ஒரு தரம் காசைப் பற்றிச் சொன்னது, இன்னொரு தரம் மனிதனைப் பற்றிச் சொன்னது. அவ்வளவுதான் வித்தியாசம்.

பந்தி முடிந்து மலை ஏறும்போது அந்தக் காசைப் பற்றியே யோசித்துக்கொண்டு போனேன். அது செய்த குற்றந்தான் என்ன?

பத்து ரூபாய் நாணயம் நம் நாட்டில் 2009இல் புழக்கத்துக்கு வந்தது. நடுவில் வெண்மை, சுற்றிலும் மஞ்சள் என்று இரண்டு உலோகம். காலத்துக்கும் சந்தர்ப்பத்துக்கும் ஏற்றபடி அதில் பல வகைகள் வெளியாயின. 2010இல் ரூபாய்க்கு ஒரு தனிக் குறி கிடைத்தது. அதை வரைந்த உதயகுமார் தமிழர். அந்தக் குறி பின்னால் வந்த காசுகளில் இருந்தது. முன்னால் வந்தவற்றில் இல்லை. ஒரு வகையில் எண்ணின் தலைமேல் பத்துக் கோடுகள், இன்னொரு வகையில் பதினைந்து. விஷயம் இவ்வளவுதான். இதற்குள் எங்கிருந்தோ ஒரு வதந்தி கிளம்பிவிட்டது: குறி இல்லாத, பதினைந்து கோடு போட்ட காசு கள்ளக் காசு!

ரிசர்வ் வங்கி 2016இல் இதை மறுத்தது. 2018 ஜனவரியில் மறுபடியும் ஓர் அறிக்கை விட்டு, அதுவரை வெளிவந்த பதினான்கு வகைகளும் செல்லும் என்று தெளிவாகச் சொன்னது. சந்தேகம் உள்ளவர்கள் தெரிந்துகொள்ள 14440 என்று ஒரு தொலைபேசி எண்ணையும் கொடுத்தது. 2011ஆம் வருஷத்து நாணயச் சட்டமோ, ஒரு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள காசுகளை ஆயிரம் ரூபாய் வரையில் கொடுக்கலாம், அது செல்லுபடியாகும் என்கிறது. சட்டம் காசின் பக்கம், வங்கி காசின் பக்கம். ஆனால் தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் ஒரு வகை மட்டும் அல்ல, பதினான்கு வகையுமே தள்ளுபடி ஆயின. பணம் பத்தும் செய்யும் என்பார்கள். பத்து ரூபாய்ப் பணத்துக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்கக்கூடத் திராணி இல்லாமல் போயிற்று.

2022இல் தருமபுரி மாவட்டத்துக்காரர் ஒருவரைப் பற்றிச் செய்தி வந்ததை வாசகர்கள் படித்திருக்கலாம். அவர் தாயார் கடை வைத்திருக்கிறார். கடையில் சேர்ந்த பத்து ரூபாய் நாணயங்களைத் திருப்பி வாங்க ஆள் இல்லை. சின்னக் குழந்தைகள் அந்தக் காசை வைத்து விளையாடுவதைப் பார்த்து அவருக்கு மனம் பொறுக்கவில்லை. ஆறு லட்சம் ரூபாய் அளவுக்கு அதே நாணயங்களைச் சேர்த்து, மூட்டை மூட்டையாகக் கொண்டுபோய்க் கொட்டி ஒரு கார் வாங்கினார். ஊரே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் பிறகு யோசித்தால், நல்ல காசு நல்ல காசுதான் என்று நிரூபிப்பதற்கு ஒரு மனிதன் ஆறு லட்சத்துக்குக் காசு சுமக்க வேண்டியிருந்தது அல்லவா?

காசா, நோட்டா, எது சௌகரியம் என்ற விவாதம் நமக்கு மட்டும் வந்தது அல்ல. நோட்டு கை மாறிக் கை மாறிச் சீக்கிரம் நைந்து கிழிந்துவிடுகிறது. காசு பல வருஷம் உழைக்கும். ஆகையால் விலைவாசி ஏற ஏற, சின்ன நோட்டுகளைக் காசாக மாற்றிவிட எல்லாச் சர்க்கார்களுக்கும் ஆசை. இங்கிலாந்தில் 1983இல் ஒரு பவுன் நாணயம் வந்தது. ஜனங்களுக்கு முதலில் அது பிடிக்கவில்லை. சட்டைப் பை கனக்கிறது என்றார்கள். 1988இல் ஒரு பவுன் நோட்டு செல்லாது என்று ஆக்கிவிட்டார்கள். முணுமுணுப்பு அடங்கியது. கனடாவிலும் இதே கதை: 1987இல் ஒரு டாலர் காசு வந்தது, 1989இல் நோட்டு விடைபெற்றது. ஜப்பானில் 1982 முதல் ஐந்நூறு யென்னுக்கே காசு இருக்கிறது. ஜப்பானியர் அதைக் கனமாக நினைப்பதில்லை.

அமெரிக்காவில் மட்டும் வேறு விதமாக நடந்தது. 1979இல் ஒரு டாலர் காசு, 2000இல் வேறு ஒரு டாலர் காசு, 2007 முதல் ஜனாதிபதிகளின் தலை பொறித்த காசுகள் என்று விதவிதமாக அடித்துப் பார்த்தார்கள். ஆனால் ஒரு டாலர் நோட்டை விட்டுவிட மனம் வரவில்லை. நோட்டு இருக்கும்போது காசை யார் சீந்துவார்கள்? நூறு கோடிக்கும் மேலான காசுகள் பெட்டகங்களில் தூங்கவே, 2011இல் புழக்கத்துக்கு அடிப்பதையே நிறுத்திக்கொண்டார்கள்.

நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் சிங்கப்பூரையும் மலேசியாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு பாலந்தான். சிங்கப்பூரில் ஒரு டாலர் என்பது காசு. அதில் தமிழிலும் 'சிங்கப்பூர்' என்று பொறித்திருக்கும். மலேசியாவில் ஒரு ரிங்கிட் என்பது நோட்டு. அங்கும் முன்பு ஒரு ரிங்கிட் காசு இருந்தது. மெய்யாகவே கள்ளக் காசு பெருகியதால் 2005இல் அதை விலக்கிக்கொண்டார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் காசு சௌகரியம், இந்தப் பக்கம் நோட்டு சௌகரியம். ஆக, சௌகரியம் என்று நாம் பேசுவதில் முக்கால்வாசி பழக்கம். அந்தப் பழக்கத்தையோ நாம் தேர்ந்தெடுப்பதில்லை. பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துப் பிடித்துக்கொள்கிறோம்.

நம் நாட்டில் பத்து ரூபாய்க்குக் காசும் உண்டு, நோட்டும் உண்டு. அமெரிக்கா செய்த காரியத்தையே நாமும் செய்தோம். ஐந்து ரூபாய் நாணயத்தை யாரும் இந்த மாதிரி புறக்கணிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஐந்து ரூபாய் நோட்டு அரிதாகிவிட்டதால், அதைச் சந்தேகிக்க வசதி இல்லை. சந்தேகப்படுவதற்கும் ஒரு வசதி வேண்டும்! வேறு வழி இருக்கும் இடத்தில்தான் வதந்திக்குக் கால் முளைக்கிறது.

இதில் இன்னொரு விசித்திரம். பத்து ரூபாய் நோட்டை எடுத்துப் பாருங்கள். பத்து ரூபாய் தருவதாக ரிசர்வ் வங்கி கவர்னர் கையெழுத்துப் போட்டு உறுதி சொல்லியிருப்பார். நாணயத்தில் அப்படி வாக்குறுதி எதுவும் கிடையாது. இந்திய சர்க்கார் அடித்துக் கொடுத்த காசு அது, அதுவே பணம். நம் ஜனங்கள் வாக்குறுதியை வாங்கிக்கொண்டு பொருளை வேண்டாம் என்கிறார்கள்.

சௌகரியத்தைப் பற்றிப் பேசுவதானால், யாருடைய சௌகரியம் என்று கேட்க வேண்டும். அந்தப் பூக்காரியின் கை நாள் முழுவதும் ஈரம். பூ வாடாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்கிறாள். அவள் சுருக்குப் பையில் நோட்டு நனைந்து, சுருண்டு, ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கிறது. ஆடிக் காற்றுக்கும் ஐப்பசி மழைக்கும் அஞ்சாதது காசு ஒன்றுதான். கண் தெரியாதவர் விளிம்பைத் தடவிப் பார்த்துக் காசை அடையாளம் கண்டுகொள்வார். பழைய நோட்டில் அது சுலபம் அல்ல. காசு யாருக்கு மிகவும் ஏற்றதோ, அவர்கள்தான் அதை மறுக்க வேண்டியிருக்கிறது. எனக்கு நஷ்டம் இல்லை. நான் பாங்கில் போட்டுவிடுவேன். இப்போது அந்தக் கூடைக்காரர்களிடமும் செல்போனில் பணம் அனுப்பும் அட்டை தொங்குகிறது. அதைக் காட்டி நான் ஒரு நாள் கேட்டபோது ஒரு பூக்காரி சொன்னாள்: "அது பேரன் போனுக்குப் போவுது சாமி. என் கைக்கு வராது." பழைய காசுக்கும் புதிய வித்தைக்கும் நடுவில் அவளுக்கு எஞ்சியது ஈர நோட்டு.

ஒரு நியாயவாதி இங்கே குறுக்கிடலாம். "ஐயா, காசின் மதிப்பு உலோகத்திலா இருக்கிறது? அடுத்தவன் வாங்கிக்கொள்வான் என்ற நம்பிக்கையில்தானே இருக்கிறது? யாருமே வாங்காத காசு காசே அல்ல. ஆகவே, 'மற்றவர்கள் வாங்க மாட்டார்கள்' என்று சொன்ன கிழவி பொய் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னாள்."

இது சாமர்த்தியமான வாதம். வாதத்தில் பாதி சரியும்கூட. ஆனால் இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. 'மற்றவர்கள்' யார்? பூக்காரிக்கு நார்க்கடைக்காரன் மற்றவன். நார்க்கடைக்காரனைக் கேட்டால் மொத்த வியாபாரியைக் காட்டுவான். மொத்த வியாபாரி, சில்லறைக் கடைக்காரர்கள் வாங்குவதில்லை என்று கையை விரிப்பான். சுற்றிச் சுற்றி வந்தால், 'நானே சந்தேகப்படுகிறேன்' என்று சொல்லும் ஒருவனை நான் பார்த்ததில்லை. ஆளாளுக்கு நல்ல காசு என்றுதான் சொல்கிறார்கள். எல்லோரும் நல்லது என்று அறிந்த ஒன்றை எல்லோரும் சேர்ந்து செல்லாததாக்குகிறார்கள். ஒவ்வொருவரும் உண்மையே பேசுகிறார்கள். எல்லா உண்மைகளும் சேர்ந்து ஒரு பெரிய பொய் ஆகிவிடுகிறது.

இதற்கு யாரைக் குற்றம் சொல்வது? பூக்காரியை நான் சொல்லமாட்டேன். பத்து ரூபாய் என்பது அவளுக்கு எத்தனையோ முழம் பூ விற்றுக் கிடைக்கும் லாபம். அதைப் பணயம் வைத்துத் தைரியம் காட்டு என்று அவளிடம் சொல்ல எனக்கு என்ன உரிமை? தைரியத்துக்கும் ஒரு விலை உண்டு. எல்லோரும் ஒரே விலை கொடுப்பதில்லை. பத்து ரூபாய் போனால் போகட்டும் என்று சொல்லக்கூடியவன்தான் முதலில் கையை நீட்ட வேண்டும்.

அப்படிப்பட்டவன் யார் என்று யோசித்துக்கொண்டே படி ஏறியவனுக்குச் சட்டென்று ஒரு நினைவு வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு, ஒரு மளிகைக் கடையில் மீதிச் சில்லறையாக இரண்டு பத்து ரூபாய் நாணயங்களை நீட்டினார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நோட்டு இருந்தா குடுங்களேன்." கடைப் பையன் ஒன்றும் சொல்லாமல் ஒரு காசை மாற்றிக்கொடுத்தான். இன்னொன்றுக்கு நோட்டு இல்லை. அந்த ஒன்றுதான் என் பையில் கிடந்தது. பூக்காரியும் நார்க்கடைக்காரனும் பயப்படுகிற 'மற்றவன்' வேறு யாரும் அல்ல, நான்தான்.

திருநீர்மலையில் பெருமாளுக்கு நான்கு கோலங்கள். அடிவாரத்தில் நீர்வண்ணனாக நிற்கிறார். மேலே நரசிம்மராக அமர்ந்திருக்கிறார், ரங்கநாதராகப் பள்ளி கொண்டிருக்கிறார், உலகளந்தவராக நடக்கிறார். தெய்வத்துக்கு எந்தக் கோலமும் அழகு. காசுக்கு அந்தக் கடைசிக் கோலம் ஒன்றுதான் பொருந்தும். நடந்தால்தான் அது காசு. கிடந்தால் வெறும் உலோகம்.

சந்நிதியில் உண்டியலைப் பார்த்ததும் என் கை தன்னால் சட்டைப் பைக்குப் போயிற்று. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: அதுவரையில் என் கைக்கு வந்த பத்து ரூபாய் நாணயங்களை அநேகமாக நான் உண்டியல்களில்தான் சேர்த்திருக்கிறேன். மனிதர்கள் வாங்காததைக் கடவுள் தலையில் கட்டிவிட்டு, அதற்குப் புண்ணியம் வேறு எதிர்பார்த்திருக்கிறேன். அன்று கை கூசியது. ஒரு நோட்டைப் போட்டுவிட்டுக் காசை வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் குரோம்பேட்டைக்குப் போனேன். நண்பர் திண்ணையில் உட்கார்ந்து பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தார். கல்யாணம் எப்படி நடந்தது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் முப்பது வருஷத்துக்கு மேல் பாங்கில் காஷியராக இருந்து ஓய்வு பெற்றவர். காசை அவர் முன்னால் வைத்தேன்.

"இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லு. மலையடிவாரத்தில் வாங்க மாட்டேன் என்கிறார்கள்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். தொழில் செய்த கை அல்லவா, நகத்தால் ஒரு தட்டுத் தட்டி ஓசையும் கேட்டார்.

"அசல் காசு. ரிசர்வ் வங்கியே சொல்லியாகிவிட்டது. வாங்காதவன் முட்டாள்."

"அந்த அம்மாளும் நல்ல காசு என்றுதான் சொன்னாள். மற்றவர்கள் வாங்க மாட்டார்களாம்."

"இதென்னப்பா அக்கிரமம்? நல்லது என்று தனக்கே தெரிகிறது. மற்றவர்களுக்குப் பயந்துகொண்டு அதைப் போய்…"

அதற்கு மேல் அவர் பேசவில்லை. நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அவரை மடக்குவதற்காகப் போகவில்லை என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. ஆனால் அவர் அப்படி மௌனமானபோது எனக்கு வெற்றியாகவும் இல்லை. உள்ளேயிருந்து காபி வந்தது. சாப்பிட்டுவிட்டு எழுந்தேன். காசை அவர் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

திருமங்கையாழ்வார் இந்த மலைக்கு வந்தபோது சுற்றிலும் வெள்ளம் சூழ்ந்திருந்ததாகவும், நீர் வடியும் வரையில் ஆறு மாதம் காத்திருந்து தரிசித்ததாகவும் சொல்வார்கள். நீர் வடியக் காத்திருப்பதில் அர்த்தம் உண்டு. நீர் தன்னால் வடியும். ஊர் வாய் அப்படி வடிவதில்லை. ஒவ்வொருவரும் அடுத்தவன் முதலில் இறங்கட்டும் என்று கரையிலேயே நின்றால், தண்ணீர் முழங்காலளவுதான் என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

நண்பர் பிறகு மனம் மாறினாரா என்று வாசகர்கள் கேட்பார்கள். ஐப்பசியில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் தலை தீபாவளிக்கு அழைத்தார். அது என் காசின் மகிமை என்று நான் சொல்லிக்கொள்ளமாட்டேன். பெண்ணைப் பெற்றவருக்கு அதற்கு வேறு எத்தனையோ காரணங்கள் இருக்கும். அவர் பயந்த அந்த நாலு பேரில் இரண்டு பேர் தாமாகவே வந்து பட்சணம் சாப்பிட்டுப் பிள்ளையை விசாரித்துவிட்டுப் போனார்கள். ஒருவர் எதுவும் சொல்லவில்லை. ஒருவர் மட்டும் இன்னும் பேசுவதில்லை. நாலு பேர் என்று கூட்டமாக நினைக்கும்போது மலையாகத் தெரிந்தது, ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தால் இவ்வளவுதான்.

என் வழக்கத்தையும் நான் மாற்றிக்கொண்டேன். கடையில் பத்து ரூபாய் நாணயம் கொடுத்தால் மறு பேச்சில்லாமல் வாங்கிக்கொள்கிறேன். அடுத்த தடவை திருநீர்மலைக்குப் போனபோது அந்தக் கிழவியைத் தேடிப் பிடித்தேன். ஏமாந்து வாங்கிய காசுகளை ஒரு பழைய டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்துப் பத்துக் காசு வாங்கிக்கொண்டேன். "வீட்டுல அம்மா திட்டப் போறாங்க சாமி" என்று சிரித்தாள்.

திட்டு விழவில்லை. பத்தில் ஏழு காசு ஒரே வாரத்தில் செலவாகிவிட்டது. மூன்று காசுகளை மட்டும் இரண்டு கடைகளில் வாங்கவில்லை. அடுத்த வாரம் வேறு கடைகளில் நீட்டினேன்.